உள்ளே வரும் கால்கள்

நாங்கள் போய் இறங்கிய ஊரின் பெயர் எங்கள் இரண்டு பேர் வாயிலும் கடைசிவரை நுழையவில்லை. ஊரைவிட அங்கிருந்த ஏரி பெரியது என்பதால் எங்கள் சௌகரியத்துக்கு ஏரியூர் என்று வைத்துக்கொண்டோம், அவர்களும் எங்கள் பெயர்களைத் தங்கள் சௌகரியத்துக்கு வெட்டிச் சுருக்கிக்கொண்டதால் கணக்கு நேராகிவிட்டது. நான் செண்பகவல்லி, அவள் ருக்மணி. இரண்டு பேரும் கோவில்பட்டியில் ஒரே கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்து, ஒரே விமானத்தில் ஒரே கடை ஊறுகாயைக் கட்டி எடுத்துக்கொண்டு, ஏரிகளைப் பற்றிய மேல்படிப்புக்காக அந்த வடகோடி நாட்டுக்குப் போனவர்கள். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்த பெண்கள் ஏரியைப் படிக்கப் போனதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

ருக்குவின் அம்மா ரங்கம்மாளுக்கு ருக்குவை விட்டால் வேறு ஆள் கிடையாது. விமான நிலையத்தில் ருக்கு அழுகையை அடக்கிக்கொண்டு "சரிம்மா, போறேன்" என்று சொன்னதும் அந்த அம்மாள் அவள் வாயைக் கையால் பொத்தி, "என்ன பேச்சு பேசுத? போயிட்டு வாரேன்னு சொல்லு" என்றார். ருக்கு சொன்னாள். "இன்னொரு தடவ சொல்லு" என்றார். அதையும் சொன்னாள். பிறகு ரங்கம்மாள் என் பக்கம் திரும்பி, "ஏ செம்பகம், ரெண்டு பேரும் போறிய, ரெண்டு பேரும் வரணும்" என்றார், நான் சரியென்று தலையாட்டினேன்.

முதலில் பார்த்தபோது அந்த நாடு யாரோ கழுவித் துடைத்துக் கவிழ்த்துவைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. சாலையில் வண்டிகள் போயின, ஹாரன் சத்தம் இல்லை. கடைவாசலில் தள்ளுவண்டிக்குள் கைக்குழந்தைகள் குளிரில் தனியாகத் தூங்கின, தாய்மார்கள் உள்ளே நிதானமாகக் காப்பி குடித்தார்கள். வேலியோரம் ஆப்பிள்கள் உதிர்ந்து கிடந்தன, பொறுக்க ஆள் இல்லை, நாங்கள்தான் வெட்கத்தை விட்டுப் பொறுக்கினோம். எங்கள் ஊரில் உச்சந்தலையைப் பிளக்கிற சூரியன் அங்கே முழங்கால் உயரத்திலேயே ஊரைச் சுற்றிவந்து, வந்த வேலை முடியாமலேயே படுக்கப் போனது. மத்தியானத்திலேயே எங்கள் நிழல்கள் தெருவைத் தாண்டி எதிர்வீட்டுச் சுவரில் ஏறின. யாரும் யாரையும் சாப்பிட்டாச்சா என்று கேட்கவில்லை. ருக்கு வாய் அடங்காதவள், பல்கலைக்கழக பஸ் ஓட்டுநரிடம் அவள் ஒருநாள் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவைத்தாள், அந்த மனிதர் பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் பெயர் இத்ரீஸ், ஏதோ ஒரு பாலைவன நாட்டிலிருந்து வாலிபத்தில் அங்கே வந்து தலை நரைத்தவர். அவ்வளவு காலத்தில் அவரிடம் அதைக் கேட்ட முதல் ஆள் ருக்குதான்.

ஏரிக்கரையில் ஹில்டா என்ற விதவையின் மரவீட்டு மாடியில் குடியிருந்தோம். ஊர்க்காரர்கள் ஏன் பேசுவதில்லை என்று நாங்கள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தோம், அதற்குக் காரணம் பனி விழுந்ததும் விளங்கிவிட்டது. வருஷத்தில் பாதி நாள் அவர்களுக்குப் பேச்சு தேவைப்படவில்லை. காலையில் எழுந்து வாசலைத் திறந்து பனியில் பதிந்திருக்கும் கால்தடங்களைப் படிப்பார்கள்: தபால்காரி வந்துபோயிருக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரர் கதவுவரை வந்து தட்டாமல் திரும்பியிருக்கிறார், மகன் குடித்துவிட்டுத் தள்ளாடி வந்திருக்கிறான், எல்லாம் அதில் இருக்கும். சண்டைகூட அப்படித்தான் தீர்ந்தது. கோபித்துக்கொண்ட ஒருவர் மற்றவர் வேலிவரை நடந்து தடத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் போனால் மன்னிப்புக் கேட்டதாக அர்த்தம், பதிலுக்கு அவரும் இவர் வேலிவரை வந்துபோனால் தீர்ந்தது.

முதல் பனி விழுந்த அன்று நாங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்திக்கொண்டு தோட்டத்தில் குதித்தோம், ஓடினோம், உருண்டோம், மூச்சு வாங்க நின்று திரும்பிப் பார்த்தபோது பனி விழுந்தபடியே தட்டையாகக் கிடந்தது. ஒரு தடமும் இல்லை. ருக்கு ஒரு காலைத் தூக்கி ஓங்கி மிதித்தாள், பூட்ஸ் கணுக்கால்வரை உள்ளே போனது, எடுத்ததும் பனி சேர்ந்து மூடிக்கொண்டது. ஹில்டா படியில் காப்பியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்கும் பதியவில்லையா?" என்றாள், சர்க்கரை போதுமா என்று கேட்கிற அதே குரலில். "வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இப்படித்தான். இத்ரீஸுக்கும் பதியவில்லை. காப்பி ஆறுகிறது, வாருங்கள்."

நாங்களும் போய்க் காப்பி குடித்தோம். புது ஊரில் எதையெதையோ பழகிக்கொள்ளச் சொல்கிறார்கள், அதில் இதுவும் ஒன்று என்றுதான் நினைத்தோம். ஆனால் போகப் போகத்தான் அதன் வலி தெரிந்தது. எங்கள் வீட்டுவாசலில் தடம் இல்லாததால் ஊரிலிருந்து வந்த பார்சல்களை ஆள் இல்லாத வீடு என்று தபால்காரி திருப்பி அனுப்பினாள். ஆய்வுக்கூடத்து வாசலில் தடம் இல்லாததால் எதிரே உட்கார்ந்திருந்த எங்களைப் பேராசிரியர் வராதவர்கள் என்று நினைத்துப் பாடத்தை முடித்தார். கடையில் நாங்கள் நிற்பது தெரியாமல் எங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு ரொட்டி கொடுத்தார்கள். சுட்டிக்காட்டினால் முகம் சிவந்து, உண்மையாகவே வருந்தி, மன்னிப்புக் கேட்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், கெட்டவர்களாக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். மாதாகோவில் கூடத்தில் காப்பியும் பட்டை வாசனை அடிக்கிற பன்னும் வைத்து, எங்களையும் இத்ரீஸையும் முன்வரிசையில் உட்காரவைத்து, எங்களைப் பற்றி எங்கள் முன்னாலேயே மிகுந்த மரியாதையோடு பேசினார்கள். பாதிரியார், பதியாத கால் பாவமல்ல என்று முதலிலேயே தெளிவுபடுத்தினார். ஹார்ட்வேர் கடை வைத்திருந்த ஆர்னே என்ற தாடிக்காரர்தான் மீட்புக்குழுத் தலைவர். ஏரியிலும் காட்டிலும் காணாமல் போகிறவர்களைத் தடத்தை வைத்தே தேடிப்பிடிக்கிறவர், ஒரு தடத்தைப் பார்த்து அந்த ஆள் பசியோடு போனாரா கோபத்தோடு போனாரா என்று சொல்லிவிடுவார் என்று ஊரே கொண்டாடும். அவர் எழுந்து தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "உங்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் தடம் இல்லாத ஆளை எப்படித் தேடுவது என்று எனக்குத் தெரியாது. ஏதாவது ஒரு அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள்" என்றார். எங்களுக்கு ஆளுக்கொரு கம்பு கொடுத்தார்கள், போகிற வழியெல்லாம் பனியில் குத்திக்கொண்டு போவதற்கு.

"ஆடு மேய்க்கவா வந்தோம்?" என்று ருக்கு வெளியே வந்ததும் கம்பை வேலியில் சாய்த்துவிட்டாள். "பாரு, கோழி கொத்துன மாதிரி இருக்கு. இதுவாட்டி நான்?"

அப்புறம்தான் அவள் பனியில் குத்தவைத்து உட்கார்ந்தாள். வலதுகையை மூடி, சுண்டுவிரல் பக்கத்தைப் பனியில் அழுத்தி எடுத்தாள், அதன் தலைமாட்டில் கட்டைவிரலால் ஒன்றும் மற்ற விரலால் நாலுமாகப் புள்ளி வைத்தாள். பிறகு இடதுகையை மூடி இன்னொன்று. கிருஷ்ண ஜெயந்திக்குப் பச்சரிசி மாவைக் கரைத்து, குழந்தைக் கண்ணன் தெருவாசலிலிருந்து பூஜை அறைக்கு நடந்து வருகிற மாதிரி வீட்டுப் பெண்கள் போடுகிற அதே சின்னக் கால். பனி அதை ஏற்றுக்கொண்டது. கையால் போட்டதை மூடவில்லை. ருக்கு சிரித்த சிரிப்பு ஏரியின் அக்கரைவரை கேட்டிருக்கும்.

வாசற்கதவிலிருந்து வீட்டுப்படிவரை அவள் போட்ட கால்களைப் பார்க்க ஊரே வந்தது. பார்சல்கள் வந்தன, பேராசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், ரொட்டிக்கடையில் எங்கள் காலைப் போலவே பிஸ்கட் சுட்டு விற்றார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் தங்கள் சொந்தக் காலை விட்டுவிட்டுக் கையால் காலடி போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள். இன்னொரு கூட்டம் போட்டு, இன்னொரு முறை பன் தின்று, அந்தச் சின்னக் கால்களை எங்கள் கால்களாகவே ஏற்றுக்கொள்வதென்று முடிவுசெய்தார்கள். ஆர்னே கீழே குனிந்து ஒன்றை வெகுநேரம் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது, படிக்கவும் சுலபம் என்றார்.

ஹில்டாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "உங்கள் தடத்தைப் பார்த்தால் நீங்கள் இரண்டு பேரும் நாள் முழுக்க வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கிறீர்கள். வெளியே போவதே இல்லையே?" என்று கேட்டுச் சிரித்தாள்.

அவள் கேட்டது சரிதான். எங்கள் ஊரில் வெளியே போகிற கால் யாரும் போட மாட்டார்கள். வீட்டுக்குள் வருகிற கால்தான் போடுவது, அந்தக் கைக்கு அதுதான் தெரியும். வெளியே கிளம்பும்போதும் ருக்கு சில அடி நடப்பாள், வீட்டைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து வீட்டுப் பக்கம் விரல் இருக்கும்படி ஒரு ஜோடிக் கால் போடுவாள், எழுந்து மறுபடி நடப்பாள். "மத்த பக்கமா போட்டா என்னட்டி?" என்று நான் ஒருநாள் கேட்டேன். "ஆகாது. லட்சுமி வீட்ட விட்டுப் போற மாதிரி இருக்கும்" என்றாள். "நாம என்ன ஒரேயடியாவா போறோம்? போயிட்டு வாரதுக்குத்தான போறோம். அதான் வார கால மொதல்லயே போட்டு வைக்கேன்." ஹில்டாவிடம் இதைச் சொன்னோம், ஹில்டா தலையாட்டினாள், பாதிகூடப் புரிந்திருக்காது.

அதோடு சந்தோஷமாக இருந்திருக்கலாம். ஆனால் குளிர் இறங்க இறங்க ருக்குவுக்கு அந்தக் கால்கள் அலுத்துப்போயின. ஏரி உறைந்து தரையாகிவிட்டது, சூரியன் வராமலேயே போய்விடுகிற நாட்கள் வந்தன, மத்தியானம் விளக்கேற்றிச் சாப்பிட்டோம். "இது சாமி காலு. என் காலு எங்க?" என்று கேட்க ஆரம்பித்தாள். காலையில் எழுந்ததும் வெறுங்காலோடு தோட்டத்தில் இறங்கி நிற்பாள், கால் சிவந்து விறைத்துப்போகும், எடுத்தால் பனி மூடிக்கொள்ளும். நான் கையைப் பிடித்து இழுத்து வந்து வெந்நீரில் காலை வைப்பேன். ஊருக்கே திரும்பிப் போய்விடுவோம் என்று நான் சொன்னதற்கு, "ஒரு தடம்கூட வைக்காமலா?" என்றாள்.

இத்ரீஸ் ஒருநாள் பஸ் நிலையத்துக்குப் பின்னால் எங்களைக் கூட்டிப்போய்த் தன் கால்தடத்தைக் காட்டினார். குதிகால் மட்டும் பதிந்திருந்தது, இரண்டு பிறைகள். "என் பிள்ளைகளுக்கு முழுசாகப் பதிகிறது, அவர்கள் இங்கே பிறந்தவர்கள். எனக்கு இவ்வளவுதான். இதற்கே தலை நரைத்துவிட்டது" என்றார். "விரல் எப்போ வரும்?" என்று ருக்கு கேட்டாள். "வராது மகளே" என்றார். அவர் பொய் சொல்லியிருக்கலாம், ஒரு பொய்யில் அவருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டுக்கு வரும்வரை ருக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வாயாடி பேசாமல் நடந்தது எனக்குப் பயமாக இருந்தது.

ஏரிக்கு நடுவில் பனிக்கட்டியில் துளை போட்டு எங்கள் பேராசிரியர் சில கருவிகளை இறக்கிவைத்திருந்தார், வாரம் ஒருமுறை யாராவது போய்ப் பார்த்து வர வேண்டும். அந்த வாரம் எங்கள் முறை. எனக்குக் காய்ச்சல். ருக்கு தனியாகக் கிளம்பினாள். கம்பளிக்குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு, போர்வைக்குள் கையை விட்டு என் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "கஞ்சி வச்சிருக்கேன், ஊறுகா காலியாகப் போவுது, பாத்துத் தின்னு" என்றாள். படியிறங்கும்போது, "போயிட்டு வாரேன்டீ" என்று கத்தினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சில அடி போய், திரும்பி, உட்கார்ந்து, ஒரு ஜோடி. மறுபடி சில அடி, ஒரு ஜோடி. கரை தாண்டி ஏரிமேல் சின்னப் புள்ளியாகப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது ஜன்னலில் ஒன்றுமே இல்லை. ஏரி இல்லை, வேலி இல்லை, பக்கத்து மரம் இல்லை, மூடுபனி கண்ணாடியை ஒட்டி நின்றது. கஞ்சி அப்படியே இருந்தது. ருக்கு வரவில்லை. கைபேசியில் கூப்பிட்டால் அடிக்கவே இல்லை, அந்தக் குளிரில் பேட்டரி செத்துவிடும். நான் அலறிய அலறலில் ஹில்டா மேலே ஓடிவந்தாள், ஆர்னேவைக் கூப்பிட்டாள், சாதாரணமாகச் சொல்லக் கூடாது, அந்த மனிதர்கள் கயிறும் விளக்கும் நாய்களுமாக வந்து நின்ற வேகத்தைப் பார்த்து எனக்குப் பாதி உயிர் திரும்பிவந்தது.

ஆர்னே வாசலில் விளக்கைத் தாழ்த்திப் பிடித்தார். பனியில் சின்னக் கால்கள், ஜோடி ஜோடியாக, ஏரிக்கரையிலிருந்து தோட்டத்துக்கு, தோட்டத்திலிருந்து படிக்கு, எல்லா விரல்களும் வீட்டைப் பார்த்தபடி. கரைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகம் தெளிந்திருந்தது. "வந்துவிட்டாள்" என்றார். "ஏரியிலிருந்து நேராக வீட்டுக்கு வந்திருக்கிறாள். தடம் தெளிவாக இருக்கிறது. உள்ளே போய்ப் பாருங்கள்."

"வரலை! அது போன கால்!" என்று கத்தினேன். "போகும்போது போட்டது. நாங்கள் அப்படித்தான் போடுவோம்."

"விரல் வீட்டைப் பார்த்து இருக்கிறதே, மகளே."

"எங்கள் ஊரில் போகிற கால் போட மாட்டோம். வருகிற கால்தான். ஹில்டா, நீங்களாவது சொல்லுங்கள், உங்களிடம் சொன்னோமே!"

ஹில்டா என்னைப் பார்த்தாள், ஆர்னேவைப் பார்த்தாள். "ஏதோ சொன்னார்கள். அவர்களுடைய கடவுளைப் பற்றி" என்றாள்.

அவர்கள் வீட்டுக்குள் தேடினார்கள். கட்டிலுக்கடியில், குளியலறையில், பரணில், துணி அலமாரியில், விறகு அறையில். வீட்டுக்குள் வந்தவளை வீட்டுக்குள்தானே தேட வேண்டும். நாய்களும் அந்த விரல்கள் காட்டிய பக்கமே மோப்பம் பிடித்து வந்து படியில் உட்கார்ந்து வாலாட்டின. கடைசியில், சிநேகிதிகளுக்குள் ஏதாவது மனஸ்தாபமா, வேறு யார் வீட்டுக்காவது போயிருப்பாளா என்று ஆர்னே தணிந்த குரலில் கேட்டார். மூடுபனியில், இளகின இடங்கள் இருக்கிற ஏரியில், ஏற்கெனவே வீடு திரும்பிவிட்ட ஒருத்திக்காக ஆட்களை இறக்க முடியாது என்றார். "விரல் எந்தப் பக்கமோ மனிதன் அந்தப் பக்கம். என் வாழ்நாளில் அது தப்பியதில்லை." நான் அவர் காலில் விழுந்தேன். அந்த ஊரில் யாரும் யார் காலிலும் விழுவதில்லை, நான் தடுக்கி விழுந்துவிட்டதாக நினைத்து அவர் என்னைத் தூக்கி நிறுத்தி, கையுறையைக் கழற்றி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் அதிகமாக இருக்கிறது என்று ஹில்டாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் கூப்பிட்டதும் இத்ரீஸ்தான் வந்தார். பஸ்ஸைத் தெருமுனையில் அப்படியே நிறுத்திவிட்டு வந்தார், பயணிகள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் விளக்கை எடுத்துக்கொண்டு நடந்தார். இருவரும் விரல்களுக்கு எதிர்ப்பக்கமாக நடந்தோம். ஒரு ஜோடியிலிருந்து அடுத்த ஜோடி கண்ணுக்குத் தெரியவில்லை, ஒருவர் நின்றுகொள்ள மற்றவர் தேடிக் கண்டுபிடித்துக் குரல் கொடுக்க, அப்படியே கருவிகள் இருந்த இடம்வரை போனோம். அதுவரை எல்லாக் கால்களும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தன.

அதற்கப்பால் வேறு மாதிரி இருந்தது. மூடுபனி இறங்கியபிறகு அவள் போட்ட கால்கள் அவை. வீடு எந்தப் பக்கம் என்று தெரியாமல், இந்தப் பக்கமாக இருக்குமோ என்று ஒன்று, அந்தப் பக்கமாக இருக்குமோ என்று ஒன்று, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்த்து நின்றது. நாலு விரல்தான் இருந்தது, பிறகு இரண்டு, பிறகு வெறும் முஷ்டி. பக்கத்தில் அவள் கையுறை கிடந்தது. அதை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நான் அவள் பெயரைக் கத்தினேன், மூடுபனி அதை வாங்கிக்கொண்டு ஒன்றையும் திருப்பித் தரவில்லை.

இத்ரீஸ் சற்றுத் தள்ளி நின்று விளக்கைக் கீழே பிடித்திருந்தார். அவர் காலடியில் ஒரு தடம் இருந்தது. பூட்ஸ் தடம், ருக்குவுடையது, வலது குதிகால் தேய்ந்தது, அவள் எப்போதும் ஒருபக்கமாகச் சாய்த்துத்தான் நடப்பாள். குதிகால், நடுப்பாதம், விரல்பக்கம், அடியில் இருந்த வரிகள் எல்லாம் முழுசாகப் பதிந்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்பால் இன்னும் நிறைய. இத்ரீஸ் அப்படியே பனியில் உட்கார்ந்து, பெற்ற மகளைப் பறிகொடுத்தவர் போல வாய்விட்டு அழுதார். நான் அவர் கைபேசியை வாங்கி ஆர்னேவைக் கூப்பிட்டு, "ருக்மணியின் கால் பதிந்திருக்கிறது" என்று மட்டும் சொன்னேன்.

ஊரே வந்தது. மூடுபனி, இளகின இடம் எதையும் பார்க்கவில்லை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள், பாதிரியார்கூட வந்தார். ஆர்னே மண்டியிட்டு அவள் தடங்களைப் படித்தார். அவளைப் பற்றி அந்த ஊர்க்காரர் ஒருவர் அவ்வளவு கவனமாக, அவ்வளவு பிரியமாகப் பேசி அன்றுதான் கேட்டேன். இங்கே நின்றிருக்கிறாள். இங்கே குனிந்து தன் தடத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள், விரல் பட்டிருக்கிறது. இங்கே குதித்திருக்கிறாள். "சந்தோஷமாக இருந்திருக்கிறாள்" என்றார். பிறகு தடத்தைப் பிடித்துக்கொண்டே நகர்ந்து, ஆறு வந்து ஏரியில் சேருகிற, பனிக்கட்டி கெட்டிப்படாத இடத்துக்கு வந்து, கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. அதன் விளிம்பில் இருந்த கடைசித் தடத்தின் விரல்கள் தண்ணீரைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்து இருந்தன.

"குதிகால்தான் ஆழமாக இறங்கியிருக்கிறது" என்றார் ஆர்னே. "பின்பக்கமாகவே நடந்திருக்கிறாள். தன் தடத்தைப் பார்த்துக்கொண்டே. விரல் இந்தப் பக்கம் இருக்கிறது, அவள் போனது அந்தப் பக்கம்."

அதைச் சொன்ன பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று மட்டுமல்ல, பிறகும் பார்க்கவில்லை. பனிக்காலம் முழுக்க எங்கள் வேலிவரை வந்து நின்று திரும்பிப் போகிற அவர் தடம் காலையில் இருக்கும். நான் பதிலுக்கு அவர் வேலிவரை போகவில்லை. போனாலும் பதியாது.

ஏரி உருகும்வரை ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மறுநாளிலிருந்து ஊர் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தது. அவள் தடங்களைச் சுற்றிச் சிவப்புக் கொடி நட்டார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டினார்கள், மாதாகோவிலில் அவளை அந்த ஊர்ப்பெண் என்று சொல்லி ஜெபம் செய்தார்கள். ருக்மணி என்று முழுப்பெயரையும் ஒரு எழுத்து பிசகாமல் எல்லோரும் சொன்னார்கள். ரொட்டிக்கடைக்காரி பிஸ்கட் சுடுவதை நிறுத்திவிட்டாள். இதில் எதையும் ரங்கம்மாளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னேன். ஏரியில் போனவள் வரவில்லை, தேடுகிறார்கள் என்று சொன்னேன். அந்த அம்மாள் அழவில்லை. "கெளம்பும்போது என்ன சொன்னா?" என்று கேட்டார். "போயிட்டு வாரேன்னு சொன்னா" என்றேன். "அப்ப வருவா" என்று போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு தினமும் கூப்பிட்டு அதையே கேட்டார், நானும் அதையே சொன்னேன்.

வசந்தம் வந்தது என்றார்கள். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது, தோட்டத்துப் பனி கரைந்து மண் கறுப்பாகத் தலைகாட்டியது. மிதிபட்ட பனி சீக்கிரம் கரையாது, அமுங்கி இறுகியிருப்பதால் கடைசிவரை நிற்கும். ஒருநாள் காலையில் கதவைத் திறந்தபோது சுற்றிலும் இருந்த பனியெல்லாம் போய், ருக்குவின் கை அழுத்திய இடங்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. கறுத்த ஈரமண்மேல் வெள்ளை வெளேரென்று சின்னச் சின்னக் கால்கள், ஏரிப் பக்கமிருந்து வேலிக்கு, வேலியிலிருந்து படிக்கு. சாணி தெளித்த வாசலில் மாவால் போட்ட மாதிரியே இருந்தது. மிதித்துவிடக் கூடாதென்று ஹில்டா பின்வாசல் வழியாகப் போய்வந்தாள்.

அந்த நேரம் பார்த்து ரங்கம்மாள் வீடியோவில் கூப்பிட்டார். என் முகத்தைப் பார்க்கவிடாமல் இருக்க நான் கைபேசியைத் தாழ்த்தினேன். அதில் தரை தெரிந்துவிட்டது.

"ஏட்டி, அது என்ன?" என்றார். "நல்லாக் காட்டு. இன்னும் கீழ." காட்டினேன். அந்த அம்மாளின் மூச்சுச் சத்தம் கேட்டது. மகளின் கையை அவருக்குத் தெரியாதா, அதைப் பிடித்துப் போடப் பழக்கியவர் அவர்தானே. "அந்தக் கோடி வரைக்கும் காட்டு" என்றார். ஏரிக்கரையிலிருந்து ஒவ்வொரு ஜோடியாகக் காட்டிக்கொண்டே, படிவரை வந்து, கதவுக்கு முன்னால் கடைசியாக இருந்த ஜோடியில் கையை நிறுத்தினேன்.

"எல்லாம் உள்ளதான வந்திருக்கு" என்றார் ரங்கம்மாள். அவர் குரல் அப்படிக் குழைந்து நான் கேட்டதே இல்லை. "வெளிய என்ன செய்யுத? உள்ள போயிப் பாருட்டி."

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கட்டிலுக்கடியில், குளியலறையில், பரணில், துணி அலமாரியில், விறகு அறையில், கைபேசியை முன்னால் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகத் தேடினேன்.